உடைந்த காமிராவும் உடைமை உரிமையும்

கைப்பேசியின் காமிரா உடைந்துவிட்டால் அதனை வீட்டிலேயே மாற்றிக்கொள்ள இயலுமா? கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றலாம். படம் எடுப்பது பொழுதுபோக்குத்தானே, அது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் எண்ணவும் கூடும். ஆனால் இன்று பெங்களூரில் காய்கறி வண்டிக்காரரிடம் அரைக் கிலோ தக்காளி வாங்கினாலும், அவர் வண்டியில் தொங்கும் க்யூ.ஆர். அட்டையைக் காமிராதான் படிக்கிறது. மத்திய அரசின் ஓய்வூதியம் பெறும் முதியவர்கள், முகத்தைக் காமிராவுக்குக் காட்டி வீட்டிலிருந்தபடியே வாழ்வுச் சான்றிதழ் அளிக்கும் முறை 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்டது. ஆகவே இந்தச் சிறு கண் பழுதுபட்டால் குடும்பத்தின் அன்றாட அலுவல்களே தடைப்படுகின்றன. அதற்காகக் கைப்பேசி முழுவதையும் மாற்றுவதென்றால், மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது எளிய செலவாகாது.

முதலில் இந்தக் கருவியின் அமைப்பை அறிந்துகொள்வோம். கைப்பேசியின் பின்புறத்தில் நம் விரல் தொடுவது காமிராவை மூடியிருக்கும் வெளிக் கண்ணாடி மட்டுமே. உண்மையான காமிரா அதன் அடியில், சுண்டுவிரல் நகத்தளவே ஆன சிறு பெட்டியாக அமைந்திருக்கிறது. அதனுள் நுண்ணிய வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. படம் தெளிவாக விழுவதற்காக அவ்வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்துவது காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. இப்போது இந்த உரையை உங்கள் செவிக்குக் கொண்டுவரும் ஒலிபெருக்கி இயங்குவதும் அதே தத்துவத்தினால்தான். வில்லைகளுக்குக் கீழே, ஒளியை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் உணரி உள்ளது. இவ்வகை உணரியை 1990-களில், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசம் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். இறுதியாக, பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய நாடா வெளிவந்து, சட்டையில் தைக்கும் அழுத்துப் பொத்தானைப் போலத் தாய்ப்பலகையில் பொருந்துகிறது. பெரும்பாலான கைப்பேசிகளில் காமிராவுக்குப் பற்றவைப்பு கிடையாது. வீட்டில் இதனை மாற்ற இயலும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

கன்னடத்தில் இத்தகைய வேலையைத் துரஸ்தி என்கிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல்லுக்குச் சரிசெய்தல் என்று பொருள். தமிழில் நாம் பழுதுபார்த்தல் என்கிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இந்த வேறுபாடு சுவையானது. பழுதைப் பார்ப்பதே முதல் வேலை என்று தமிழ்ச்சொல் கூறுகிறது. காமிரா விஷயத்தில் இது முற்றும் பொருந்தும்.

படம் பனிமூட்டம் போல மங்கித் தெரிந்தால், வெளிக் கண்ணாடியை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். கீறல் அதில் மட்டும் இருந்தால் காமிராவை மாற்றத் தேவையில்லை. கண்ணாடியை மாற்றினாலே போதும். திரை முழுதும் கறுத்துப்போனால், கைப்பேசியை ஒருமுறை அணைத்து இயக்கியும், காமிராவைப் பயன்படுத்தச் செயலிக்கு அனுமதி உள்ளதா என்று பார்த்தும், முன்புறக் காமிரா வேலை செய்கிறதா என்று சோதித்தும் அறிய வேண்டும். முன்புறம் நன்றாக இருந்து பின்புறம் மட்டும் செயலற்றிருந்தால், காமிராப் பெட்டியையோ அதன் நாடாவையோ ஐயுறலாம். படம் நடுங்கி, உள்ளிருந்து மெல்லிய இரைச்சலும் கேட்டால், கையசைவை ஈடுசெய்யும் பொறி கெட்டிருக்கக்கூடும். ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு இந்தப் பொறியைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் எச்சரித்தது. கைப்பேசியை வண்டியின் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு, பள்ளம் மேடான வீதிகளில் உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் நிறைந்த நகரம் இது. அதிர்வைத் தாங்கும் பிடிப்பானைப் பயன்படுத்துவது அவர்களுக்கு நலம் தரும்.

பழுது தெளிவானபின் வேலையைத் தொடங்கலாம். படங்களையும் ஆவணங்களையும் வேறோரிடத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மின்கலத்தில் கால்பங்குக்கும் குறைவான மின்சாரம் இருக்கும் நிலையில் கருவியை அணைக்க வேண்டும். லிதியம் மின்கலம் துளைபட்டாலும் மடங்கினாலும் தீப்பற்றும். அது உப்பியிருந்தால் வீட்டு வேலையை அந்தக் கணமே கைவிட வேண்டும். பின்மூடியின் பசை, தலைமுடி உலர்த்தும் கருவியின் மிதமான வெப்பத்தில் இளகும். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் செலுத்திப் பொறுமையாகத் திறக்கலாம். கத்தி ஆகாது, மூடியின் அடியில் நாடாக்கள் இருக்கலாம். கழற்றும் திருகுகளை ஒரு தாளில், அவை இருந்த இடப்படியே வரிசையாக வைக்க வேண்டும். நீளம் மாறிய ஒரு திருகு தாய்ப்பலகையையே துளைத்துவிடும். மற்ற எதையும் தொடுமுன் மின்கல இணைப்பை விடுவிப்பது முதன்மையான விதி. பழைய காமிராவின் நாடாவை நேராக மேல்நோக்கி எடுத்து, புதியதை வில்லையில் விரல் படாமல் வைத்து, நேராக அழுத்திப் பொருத்த வேண்டும். மூடியை ஒட்டுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துச் சோதிப்பது நன்று. இவ்வாறு திறக்கப்பட்ட கைப்பேசி முன்போல் நீரைத் தாங்கும் என்று நம்பலாகாது.

இவ்வளவும் கைத்திறனைச் சார்ந்தவை. ஆனால் திறமை மட்டும் இருந்தால் போதாது. பாகம் கிடைக்க வேண்டும். பெங்களூர் நகர மண்டபத்துக்கு அருகிலுள்ள சாதர் பத்ரப்பா சாலையை மக்கள் எஸ்.பி. ரோடு என்பார்கள். மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அந்தக் கடைவீதியில் கன்னடமும் தமிழும் உருதுவும் கலந்து ஒலிக்கின்றன. அங்கே காமிராப் பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் நிறுவனத்தின் அசல் எது, பழைய கைப்பேசியிலிருந்து கழற்றியது எது, போலி எது என்று வாங்குபவர் கண்டறிவது கடினம். கைப்பேசியின் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு போவதும், ரசீது கேட்டு வாங்குவதும் அவசியம். சிறு பலகையின்முன் அமர்ந்து, உருப்பெருக்கியின் உதவியால் வேலை செய்யும் தொழிலாளர்களில் பலர் தொழிலைக் கற்றது மூத்தவரின் பக்கத்தில் இருந்துதான். கை நடுங்குவோரும் கண்பார்வை குறைந்தோரும் அவர்களை நாடுவதே அறிவுடைமை.

இன்னொரு தடையும் உண்டு. 2020-இல் வெளிவந்த ஐபோன் 12 வரிசை முதல், காமிராவை மாற்றினால், அது அசல்தானா என உறுதிசெய்ய இயலவில்லை என்ற அறிவிப்புத் திரையில் தோன்றக்கூடும். போலிப் பாகங்களிலிருந்து வாங்குவோரைக் காப்பது நியாயமே. ஆனால் அசலை நியாய விலையில் விற்று, செய்முறையையும் வெளியிடும்போதுதான் அந்த நியாயம் நிறைவு பெறும். அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் அந்நிறுவனம் பாகங்களையும் வழிகாட்டிகளையும் பொதுமக்களுக்கு அளிக்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்புக்கு வந்த விதிகள், கைப்பேசி மாதிரி ஒன்றின் விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டுகளுக்குக் காமிரா முதலிய பாகங்கள் கிடைக்க வேண்டும் என்கின்றன.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையை ஆராய 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீடு பற்றி ஆராய்ந்த மற்றொரு குழு, 2025 மேயில் அறிக்கை அளித்தது.

ஐபோனை இந்தியாவில் பூட்டும் வேலை 2017-இல் தொடங்கியது இதே பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில்தான். உறுப்புகளைப் பூட்டிக் கருவியாக்கும் கைகள் இங்கே உள்ளன. கழற்றிச் சீர்செய்யும் கைகளும் இங்கேயே உள்ளன. இவற்றுக்கு இடையே நிற்பவை பாகமும் வழிகாட்டி நூலும். அந்த நூல் கன்னடத்திலும் தமிழிலும் வரவேண்டும். எச்சரிக்கைகளை மட்டும் நம் மொழியில் தந்து, செய்முறையை மறைத்தால் பயனில்லை.

விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும் சீர்செய்யவும் உரிமை இல்லையெனில், அது நமக்கு முழு உடைமை ஆகாது. எனவே அடுத்த கைப்பேசி வாங்கும்போது, படம் எவ்வளவு துல்லியம் என்று கேட்பதோடு, காமிராவும் மின்கலமும் எத்தனை ஆண்டுகள் தனியே கிடைக்கும் என்றும் கேட்போம். கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவுகளைப் பெற அங்கீகாரம் பெற்றவர்களிடமே சேர்ப்போம். வாங்குவோர் பலர் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், விற்போர் அதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.