கேமராவும் நிய்யத்தும்

(சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நாங்கள் வெளிநாடுகளில் எடுத்த படங்களை இப்போது திரையில் பார்த்தீர்கள். "எந்தக் கேமரா, என்ன விலை?" என்று தம்பிமார்கள் கேட்கிறார்கள். அதைத் தேநீர் வேளையில் சொல்கிறோம். இங்கே இரண்டு ஊர்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

முதலில் இஸ்தான்புல். சுல்தான் சுலைமானுக்காகக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய சுலைமானிய்யா பள்ளிவாசல் 1557இல் நிறைவுற்றது. நடுக் குவிமாடம் 53 மீட்டர் உயரம். அதை முழுதாகப் படத்தில் அடக்கப் பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்தால், சுன்னத் தொழுதுகொண்டிருப்பவர் மேல்தான் முட்டுவோம்! தொழுகை நேரத்தில் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவதில்லை. நாங்கள் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கடைசி ஸஃப்பில் நின்றோம். ஓசை சீராகப் பரவுவதற்காகக் குவிமாடத்துக்குள் வெற்றுக் குடங்களைப் பதித்தவர் சினான். கிராஅத் எல்லோரையும் எட்ட வேண்டுமே என்பது அவர் கவலை. அந்த ஓசை எங்கள் படம் எதிலும் இல்லை.

அடுத்தது ஸ்பெயினின் குர்துபா. முதலாம் அப்துர் ரஹ்மான் 785இல் தொடங்கிய பள்ளி அது. 850க்கும் அதிகமான தூண்கள். அவற்றின் மேல் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறிமாறி வைத்த இரண்டடுக்கு வளைவுகள். மிஹ்ராபில் தங்கநிற மொசைக் வேலைப்பாடு. 10ஆம் நூற்றாண்டில் அதற்குக் கைவினைஞரை அனுப்பி உதவியவர் பைசாந்தியத்தின் கிறிஸ்தவப் பேரரசர் என்கிறது வரலாறு. 1236இல் ஊர் கைமாறியது, பள்ளி தேவாலயமானது. இன்றும் அது கத்தோலிக்கத் தேவாலயமே. அங்கே படம் எடுக்கலாம்; நாம் தொழ முடியாது. மிஹ்ராபின் முன் நின்றபோது எங்கள் மனம் கனத்துப்போனது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இஸ்தான்புல்லின் அயா சோபியா 537இல் தேவாலயமாக எழுந்தது. 1453இல் பள்ளிவாசலானது; பிறகு அருங்காட்சியகம்; 2020 முதல் மீண்டும் பள்ளிவாசல். அங்கே வந்து நிற்கும் ஒரு கிறிஸ்தவரின் மனமும் அப்படித்தானே கனக்கும்? அவருடைய மௌனத்தை மதிக்காமல் அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டலாமா?

இது தூரதேசத்துக் கதை மட்டும் அல்ல. நம் சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் அருகருகே இருக்கின்றன. தெலுக் ஆயரில் நாகூர் தர்காவும் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயிலும் ஒரே தெருவில். அங்கே வரும் பயணிகளுக்கு நாமும் நம் பெரியவர்களும்தான் காட்சி! நாம் தொழும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே நாமும் அடுத்தவர் தலங்களில் நடந்துகொள்ள வேண்டும்.

எனவே தம்பி தங்கைகளே! எந்தத் தலத்துக்குப் போனாலும் முதலில் அங்குள்ளவரிடம் அனுமதி கேளுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். வணங்குபவரின் முகத்தை விட்டுவிட்டுத் தூணையும் வளைவையும் எடுங்கள். டிரைபாட் கொண்டுபோக விடாத இடத்தில் சுவரில் சாய்ந்து, மூச்சை அடக்கி எடுங்கள், படம் ஆடாது. ஊர் திரும்பியதும் இடத்தின் பெயரையும் தேதியையும் படத்தோடு எழுதி வையுங்கள். கட்டடம் அங்கே வணங்குபவர்களுடையது. கேமரா வைத்திருப்பவர் விருந்தாளி.

நல்ல நிய்யத்தோடு பயணம் போகவும், நலமாகத் திரும்பவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.