இரவல் நூலும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

இசை கேட்கவும் நாடகம் காணவும் வந்திருக்கும் உங்களிடம், நூல்களைக் கேட்டுப் பெறுவதையும் கட்டி அனுப்புவதையும் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். சுவையற்ற பொருள் என்று எண்ணிவிட வேண்டா. தில்லியில் வாழும் நாம், வேண்டிய தமிழ் நூலை அடுத்த தெருவில் வாங்கிவிட முடியாது. நம் சங்க நூலகமோ இரண்டே அலமாரி. ஆகவே பிற குடியிருப்புகளின் சங்கங்களிடம் நூல் கேட்டுப் பெறுகிறோம். அவர்கள் கேட்பதை நாம் அனுப்புகிறோம். இவ்வாறு நான்கு சங்கங்கள் கைகோத்தால், ஒவ்வொரு சங்கத்தார்க்கும் எட்டு அலமாரி உண்டு.

இது புதிய வழியன்று. 1988ஆம் ஆண்டில் இதே தில்லியில், இந்தியா இன்டர்நேஷனல் சென்டர் நூலகத்தில் 'டெல்நெட்' என்னும் நூலகக் கூட்டமைப்புத் தொடங்கிற்று. பல நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாகத் தொகுத்து, ஓரிடத்தில் இல்லாத நூலை மற்றோரிடத்திலிருந்து தருவிப்பது அதன் பணி. சீர்காழியில் பிறந்து, 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு வந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாசகரின் காலம் வீணாகலாகாது என்பது மற்றொன்று. முன்னதை ஓரளவு நிறைவேற்றினோம், பின்னதில் தவறினோம். அத்தவற்றை இன்று மறைக்காமல் கூறுகிறோம்.

முன்னொரு கோடையில், மறுபதிப்பு வாராத இலக்கிய வரலாற்று நூல் ஒன்றை வேறொரு சங்கத்திடம் இரவல் பெற்று, நம் அன்பர் ஒருவரிடம் கொடுத்தோம். பள்ளி விடுமுறை வந்தது. அவர் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். நூல் பூட்டிய வீட்டினுள் தங்கிவிட்டது. அதே நூலுக்காக, ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர் அச்சங்கத்தில் காத்திருந்தார். ஜூலைத் திங்களில் நூல் திரும்பியபோது, அவர் தம் ஆய்வேட்டை ஓர் இயல் குறைவாகவே ஒப்படைத்துவிட்டிருந்தார். அன்பரை நோவதற்கில்லை. திருப்ப வேண்டிய நாளை நாங்கள் அவருக்கு எழுதித் தரவில்லை. எங்கள் பதிவேட்டிலும் அந்நாள் இல்லை. அதன்பின் ஓராண்டுக் காலம் அச்சங்கத்திலிருந்து நமக்கு ஒரு நூலும் வரவில்லை. ஒரு நூல் தங்கியதால் இரண்டு அலமாரிகளின் கதவு நமக்கு அடைபட்டது.

ஆதலின் சில வேண்டுகோள்கள். நூல் கேட்குமுன் நம் அலமாரியை ஒருமுறை பாருங்கள். கேட்கும் சீட்டில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பாண்டு மூன்றையும் எழுதுங்கள். 'பாரதியார் கவிதைகள்' என்று மட்டும் எழுதினால், எந்தப் பதிப்பு என்று கேட்டறிவதிலேயே ஒரு வாரம் போய்விடும். இரவல் நூலின் மேலட்டையைச் சுற்றி ஒரு தாட்பட்டை அணிவிக்கிறோம். கொடுத்தவர் பெயரும் தவணை நாளும் அதில்தான் உள்ளன, அதனைக் கழற்றாதீர்கள். திருப்பும்போது இருபுறமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். மழைக்காலமாயின் பிளாஸ்டிக் உறையும் இடுங்கள்.

வெளியூர்ச் சங்கங்களுக்கு, அஞ்சல் துறை 2025 மே முதல் நாள் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' உதவும். அது தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாயும், 5 கிலோ வரை 100 ரூபாயும் கட்டணமாக வைத்தார்கள், வரி தனி. அது தரைவழிச் செல்வதால் நாள் கூடும். அந்நாட்களையும் தவணையில் கணக்கிட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊருக்குப் புறப்படுமுன் பால்காரரிடம் சொல்லுகிறோம், செய்தித்தாள் போடுபவரிடம் சொல்லுகிறோம். அவ்வாறே நூலகக் குழுவினரிடமும் ஒரு சொல் சொல்லிச் செல்லுங்கள்.

இவ்வாண்டு தைத் திங்களில் அச்சங்கத்தாரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டோம். ஒரே ஒரு நூல் தந்தார்கள். தவணைக்கு நான்கு நாள் முன்னரே திருப்பினோம். அடுத்த முறை மூன்று தந்தார்கள். அந்த மூன்றும் இன்று நம்முள் மூவர் இல்லங்களில் இருக்கின்றன. அவற்றின் தவணை வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்பதை நினைவூட்டி, விடைபெறுகிறோம்.