தேருக்கு முன்னே குளோரின்



வாந்திபேதி வந்துவிட்டது என்றால் ஊரையே காலி செய்துகொண்டு ஓடிய காலம் அது. அப்போதுதான், 1939-இல், சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படியொரு சட்டம் முதலில் பிறந்தது இந்த மண்ணில்தான்! அன்றைய சுகாதார அமைச்சர் டி.எஸ்.எஸ். ராஜன். அவரே ஒரு மருத்துவர்.

அந்தச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். குடிநீருக்கு ஓர் அத்தியாயம், சாக்கடைக்கு ஒன்று, கொசுவுக்கு ஒன்று. சந்தைக்கும் திருவிழாவுக்கும்கூடத் தனி அத்தியாயம் வைத்திருக்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுதிய சட்டம் அது. இன்றைக்கும் தேர் ஓடுவதற்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் தெருக்குழாய்க்கு வருகிறார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுகிறார். மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. வரவில்லையா, நேரே மேல்நிலைத் தொட்டிக்குப் போகிறார். அந்த மனிதரை யாரும் மேடையேற்றி மாலை போடுவதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

விடுதலைக்குப் பிறகு பல மாநிலங்கள் மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே துறையாக்கின. ஆஸ்பத்திரி வாசலில் நோயாளி துடிக்கும்போது, பணமும் ஆளும் அங்கேதான் போகும். கொசுவை ஒழிக்கும் வேலை நாளைக்கு என்று தள்ளிப்போகும். தமிழ்நாடு அப்படிச் செய்யவில்லை. நோய் வருமுன் தடுப்பதற்கென்று தனித் துறை, தனி இயக்குநர், தனி நிதி, அதற்கென்றே படித்த அலுவலர்கள் என்று விடாமல் காத்தது. 2004 சுனாமியில் கடலோரம் குலைந்து, முகாம்களில் மக்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்களே, அங்கே கொள்ளைநோய் பரவவில்லை. தண்ணீரில் மருந்து கலக்கவும், கழிவை அகற்றவும், காய்ச்சலைக் கணக்கெடுக்கவும் பழகிய கைகள் நம்மிடம் தயாராக இருந்தன. கொரோனாவின்போது அரசு கையிலெடுத்த சட்டங்களில் ஒன்றும் இதே 1939-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ஆகவே, செலவு மிச்சம் என்று சொல்லி யாராவது இந்தத் துறையை இன்னொன்றோடு சேர்க்க வந்தால், கட்சி பார்க்காமல் எதிர்த்து நில்லுங்கள். சுகாதார ஆய்வாளர் பணியிடம் காலியாகக் கிடந்தால், அதை டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியாக நினைத்துக் குரல் கொடுங்கள்.

அக்டோபர் 2 கிராமசபைக்கு எல்லோரும் வாருங்கள். சாலையைக் கேளுங்கள், விளக்கைக் கேளுங்கள். அதோடு நம் ஊர்த் தொட்டியில் கடைசியாக எப்போது குளோரின் போட்டார்கள் என்று பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.