கம்பிச் சுருளும் 5 கிராம் இரும்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், மதியப் பொதுக்குழுவுக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு 20 நிமிஷம் கொடுத்திருக்கிறார். "தொழில் வாழ்க்கையில் வெற்றி" என்று ஒரு தலைப்பும் சேர்த்தே கொடுத்தார். அதைப் பேசத் தகுதியுள்ளவர்கள் முதல் வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆகவே அவர் அனுமதியோடு நான் வேறு விஷயத்துக்குப் போகிறேன்.

இன்று மதியம் பொதுக்குழுவில் ஒரு விண்ணப்பம் வரப்போகிறது. மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவர்கள் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மின்காந்த ஏவி ஒன்று செய்ய வேண்டும், ஆங்கிலத்தில் 'காயில் கன்' என்பார்களே அது. அதற்கு மாலை நேரத்தில் மெஷின்ஸ் லேபைத் திறந்துவிட வேண்டும், சாமான் வாங்கக் கொஞ்சம் பணமும் வேண்டும் என்பது கோரிக்கை. செயற்குழுவில் இதற்கு நல்ல எதிர்ப்பு. "துப்பாக்கி செய்யறதுக்கு நாம காசு கொடுக்கறதா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. அதே சாமானை 1992-இல் இதே லேபில் நாங்கள் நாலு பேர் செய்தோம் என்பதால், பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் அது என்ன என்று மற்றத் துறை நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றுங்கள். குழாய்க்குள், சுருளின் வாயருகே ஓர் இரும்புத் துண்டை வையுங்கள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு உள்ளே இழுபடும். காலிங் பெல்லுக்குள்ளே நடப்பதும் இதுதான். நடுவுக்கு வந்ததும் இரும்பு நின்றுவிடப் பார்க்கும். அது நடுவை எட்டும் நேரம் பார்த்து மின்சாரத்தை நிறுத்திவிட்டால், வந்த வேகத்திலேயே மறுபக்கம் வெளியே போய்விடும். வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது. தத்துவம் இவ்வளவுதான். மீதியெல்லாம் மில்லிசெகண்ட் கணக்கு.

இதைச் சிலர் 'காஸ் கன்' என்றும் சொல்கிறார்கள். காஸ் பாவம், கணித மேதை. அவர் துப்பாக்கி எதுவும் செய்யவில்லை. உண்மையில் செய்து பார்த்தவர் நார்வே நாட்டுப் பேராசிரியர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். 1901-இல் மின்காந்தப் பீரங்கிக்குக் காப்புரிமை கேட்டார். 1903-இல் இன்று ஆஸ்லோ என்று அழைக்கப்படும் நகரத்துப் பல்கலைக்கழக மண்டபத்தில், பெரிய மனிதர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்து, சுவிட்சைப் போட்டார். உள்ளே ஷார்ட் சர்க்யூட். பெரிய சத்தம், பெரிய தீப்பிழம்பு, சபையே கலைந்தது. பீரங்கி வியாபாரம் அன்றோடு போயிற்று. ஆனால் அந்தத் தீப்பிழம்பு அவர் கையை விட்டுப் போகவில்லை. சாம் ஐடே என்ற பொறியாளரோடு சேர்ந்து, மின்வில்லின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிணைத்து உரம் செய்யும் முறையை உண்டாக்கினார். 1905-இல் நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி அதிலிருந்துதான் பிறந்தது. பிற்காலத்தில் நார்வேயின் 200 குரோனர் நோட்டில் அவர் படம் பல வருஷம் இருந்தது. இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் அன்றைய துறைத் தலைவர். சொல்லிவிட்டு, "ஆனா நம்ம லேப்ல தீப்பிழம்பு வேண்டாம்" என்றார்.

அனுமதி அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. அவர் மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று, கைப்பிடி வைக்கக் கூடாது, டிரிக்கர் வைக்கக் கூடாது; சாதனம் மேஜையோடு போல்ட் போட்டு நிற்க வேண்டும். இரண்டு, எதிரே மணல் பெட்டி. மூன்று, லேப் உதவியாளர் அண்ணன் இல்லாமல் பிளக்கைத் தொடக் கூடாது. முதல் நிபந்தனை எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவர் சட்டம் படித்திருந்தார். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'ஃபயர் ஆர்ம்ஸ்' என்பதற்கு உள்ள விளக்கத்தில் வெடிமருந்து மட்டும் இல்லை. வேறு எந்த வகை ஆற்றலாலும் குண்டை எறியும்படி அமைத்த ஆயுதங்களும் வருகின்றன. விண்ணப்பம் போட்ட தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வரைபடத்தில் தோளில் வைக்கிற மாதிரி ஒரு கட்டை வரைந்திருக்கிறீர்கள். அதை இப்போதே அடித்துவிடுங்கள். மேஜை மேல் நிற்கும் சோதனை அமைப்பாகத்தான் அது இருக்க வேண்டும், அதற்குத்தான் அனுமதி கேட்க வேண்டும்.

சாமான் சேர்த்த கதை தனி. ஒரு நண்பன் லீவில் மெட்ராஸ் போனபோது ரிச்சி தெருவில் அலைந்து 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் பத்து வாங்கி வந்தான். பத்தும் ஒரே கம்பெனி இல்லை, ஒரே உயரம்கூட இல்லை. பெரிய எஸ்.சி.ஆர். ஒன்றைப் பழைய ரெக்டிஃபையர் பேனலிலிருந்து லேப் அண்ணன் கழற்றிக் கொடுத்தார். சுருளுக்கு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனோம். கோயம்புத்தூரில் அதற்கா பஞ்சம்! 20 கேஜ் எனாமல் கம்பி, 3 சென்டிமீட்டர் நீளத்துக்குள் 300 சுற்று. "இது எந்த மோட்டாருக்குத் தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். "சும்மா சுத்துனா போதாது. அவ்வளவு கரண்ட் ஒரே அடியா போச்சுன்னா கம்பி துள்ளும். வார்னிஷ் போட்டு சூடு காட்டி இறுக்கணும்" என்று அவரே செய்து கொடுத்தார். மின்சாரம் ஓடும் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தோம். துள்ளும் என்பதை அவரிடம்தான் கேட்டோம்.

பத்து கெப்பாசிட்டரும் பேரலலாக 1000 மைக்ரோஃபாரட். 300 வோல்ட் ஏற்றினால் 45 ஜூல். கேட்க அற்பமாக இருக்கும். அந்த 45 ஜூல் இரண்டு மூன்று மில்லிசெகண்டில் வெளியே வரும்போது சுருளில் ஓடும் உச்ச மின்னோட்டம் கணக்குப்படி சுமார் 250 ஆம்பியர். அதே 45 ஜூல் ஒரு கையில் புகுந்து மறுகை வழியாக வந்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான். செயற்குழு உறுப்பினர் பயந்தது குண்டுக்கு. என் அபிப்பிராயத்தில் பயப்பட வேண்டியது கெப்பாசிட்டருக்கு.

லேப் அண்ணன் இங்கே வருவதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே, மெயின் சுவிட்ச் அணைத்தாயிற்று என்று மேஸ்திரி சொன்ன பேச்சை நம்பி ஒரு கெப்பாசிட்டர் பேங்கில் கை வைத்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் கடைசி வரை மடங்கவில்லை. அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. சார்ஜ் செய்ய ஒரு 100 வாட் பல்பை சீரிஸாகப் போட்டிருந்தோம். ஸ்விட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, ஓரிரு நொடியில் மங்கி அணைந்துவிடும். "வீட்டுல பல்பு அணைஞ்சா கரண்ட் இல்லைன்னு அர்த்தம். இங்க பல்பு அணைஞ்சாத்தான் ஆபத்து ரெடின்னு அர்த்தம்" என்பார். டிம்மர்ஸ்டாட் வோல்ட்டேஜைக் குறைக்கும், ஆனால் லைனிலிருந்து பிரிக்காது. அதனால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தனியே வேண்டும் என்பார். கெப்பாசிட்டர் குறுக்கே 47 கிலோ ஓம் பிளீடர் நிரந்தரமாக இருக்கும். அது காலி செய்ய நாலு நிமிஷம் ஆகும், அதையும் நம்ப மாட்டார். இரண்டு பல்பை சீரிஸாகக் கட்டி, நீளக் கட்டையில் வயரோடு பொருத்தி, அதனால் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மீட்டர் வைத்து, அப்புறம்தான் எங்களைக் கிட்டே விடுவார். இடது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டில். வேட்டி கட்டியவன் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். "வேட்டி கட்டினவன் லேபுக்கே வராதே" என்று பதில் வந்தது.

இனி வேகம். 6 மில்லிமீட்டர் எம்.எஸ். ராடில் வெட்டிய துண்டு, எடை 5 கிராம். வேகம் அளக்கக் கருவி வாங்க வசதியில்லை. 80 சென்டிமீட்டர் உயர மேஜையிலிருந்து கிடைமட்டமாக விட்டால், தரையைத் தொட 0.4 நொடி. விழுந்த தூரத்தை 0.4-ஆல் வகுத்தால் வேகம். பிளஸ் டூ கணக்கு. முதல் நாள் மணலில் 1.6 மீட்டரில் விழுந்தது. நொடிக்கு 4 மீட்டர்! ஒரு நல்ல பையன் கோலிக்குண்டை அதைவிட வேகமாக அடிப்பான். ஆனாலும் அன்று இரவு ஹாஸ்டலில் யாரும் தூங்கவில்லை.

அதற்கப்புறம் ஆறு வாரம் அந்த 4 மீட்டரோடு மல்லுக்கட்டினோம். இந்தச் சாதனத்தின் ருசியே இங்கேதான் இருக்கிறது. எஸ்.சி.ஆர். ஒருமுறை திறந்தால், மின்னோட்டம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வரும் வரை மூடாது. அதே நேரம், சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடி, கெப்பாசிட்டரில் 100 வோல்ட்டுக்கு மேல் தலைகீழாக ஏறிவிடும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் அதைத் தாங்காது. அதைக் காப்பாற்ற ஒரு டையோடு போட வேண்டும். டையோடு போட்டால் சுருளிலுள்ள மின்னோட்டம் அதன் வழியே சுற்றிச் சுற்றி மெதுவாகச் சாகும். அந்த வால் நீளுவதற்குள் இரும்பு நடுவைத் தாண்டிவிடும். தாண்டியதைச் சுருள் பின்னுக்கு இழுக்கும். கெப்பாசிட்டரைக் காப்பாற்றினால் வேகம் போகிறது, வேகத்தைக் காப்பாற்றினால் கெப்பாசிட்டர் போகிறது. கடைசியில் டையோடோடு ஒரு சிறிய தடையைச் சேர்த்து வாலைக் குட்டையாக்கினோம். எவ்வளவு ஓம் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க வரைபடம்.

எங்களில் ஒருவனுக்கு மின்காந்தப் புலம் பேப்பரில் இரண்டு தடவை அரியர்ஸ். படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடையைப் பார்க்கிறேன் என்று பெட்டி கட்டி வைத்திருந்தான். அந்த நோட்டுப் புத்தகத்தில் முக்கால்வாசி அவன் கையெழுத்து. பிளாஸ்டிக்குப் பதில் அலுமினியக் குழாய் போட்டால் வேகம் ஏன் குறைகிறது என்று சோதித்துப் பார்த்து, குழாயிலேயே சுழல் மின்னோட்டம் உண்டாகிப் புலத்தைத் தடுக்கிறது என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவன் அவன். கெப்பாசிட்டரை இரண்டு மடங்காக்கலாம் என்று நாங்கள் துள்ளியபோது, இரும்பு 2 டெஸ்லா வாக்கில் நிரம்பிவிடும், அதற்குமேல் கொட்டினாலும் பலன் அந்த அளவுக்குக் கூடாது என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அடுத்த நவம்பரில் அந்தப் பேப்பர் தேறியது. அவன் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறான். கையைத் தூக்கச் சொன்னால் அடிப்பான் என்பதால் பேர் சொல்லவில்லை.

இரும்புத் துண்டின் ஆரம்ப இடத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, கடைசியில் 3.2 மீட்டரைத் தொட்டோம். நொடிக்கு 8 மீட்டர். அதாவது 0.16 ஜூல். போட்ட 45 ஜூலில் வெளியே வந்தது ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு! மீதி கம்பிச் சூடு. மூத்த உறுப்பினர் அவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இதனால் என்ன பிரயோஜனம் என்றும் ஒருவர் கேட்டார். 1950-இல் ஆர்தர் சி. கிளார்க் நிலவிலிருந்து சரக்கை மின்காந்த முறையில் ஏவலாம் என்று கட்டுரை எழுதினார். 1976-77-இல் எம்.ஐ.டி.யில் ஜெரார்ட் ஓ'நீல், ஹென்றி கோம் இருவரும் மாணவர்களை வைத்து அதற்கு ஒரு மாதிரி கட்டினார்கள். ஆயுதமாக்கப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கடற்படை, சுருளுக்குப் பதில் இரண்டு தண்டவாளம் வைத்த 'ரெயில் கன்' மேல் பல வருஷம் செலவு செய்து, 2010-இல் 33 மெகாஜூல் வரை போய், 2021-இல் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் அதே கடற்படையின் ஜெரால்ட் ஃபோர்டு கப்பலில் விமானங்களை ஏவுவது நேர்கோட்டு மின்மோட்டார்தான். ஜப்பானில் 2015-இல் மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடிய காந்த ரயிலை இழுத்ததும் அதன் உறவுதான். நம் மெஷின்ஸ் லேபில் உருளையாக இருக்கும் மோட்டாரை வெட்டி நீட்டிப் போட்டால் அதுதான்.

ஆகவே மதியம் நான் ஆதரித்துக் கை தூக்கப் போகிறேன், சில திருத்தங்களோடு. மாணவர்கள் கேட்ட பட்டியலில் கெப்பாசிட்டர் 20 என்று இருக்கிறது. அது 10 போதும். பட்டியலில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லவே இல்லை. அதை முதல் வரியில் எழுதுங்கள். அதற்கான பணத்தை எங்கள் செட் நாலு பேரும் தருகிறோம், இப்போதே செயலாளரிடம் கொடுத்தாயிற்று. பிளீடர், டிஸ்சார்ஜ் கட்டை, எதிரே மணல் பெட்டி, முன்னால் பாலிகார்பனேட் தடுப்பு, கண்ணாடி அணியாதவர் உள்ளே வரக் கூடாது, ஒருவர் தனியாக ஒருபோதும் வேலை செய்யக் கூடாது. லேபைத் திறந்துவிட்டுக் கூடவே இருக்கப் பொறுப்பான ஒருவர் வேண்டும்; மாலையில் அவர் தங்கினால் அதற்கு ஓவர்டைம் நம் சங்கம் கொடுக்க வேண்டும். எங்கள் அண்ணனுக்கு அன்று யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. எட்டு மணிக்குமேல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

கூட்டம் 3 மணிக்கு. பழைய நோட்டுப் புத்தகம் வரவேற்பு மேஜையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் தம்பிகள் பார்க்கலாம், சாம்பார் பட்டுவிடாமல்.