நிழல் ஒளிந்துகொள்ளும் நாள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று யோசிக்கிறீர்களா? மொட்டைமாடிக்குக் கூட்டிப் போங்கள். கையில் ஒரு பவுடர் டப்பா போதும்.

நண்பகலில் நிழலே விழாத நாள் ஒன்று உண்டு. ஆமாம், நிழலே விழாது. சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் அது ஏப்ரல் இரண்டாம் வாரம். அப்படியே வடக்கே நகர்ந்து, சென்னைக்கு ஏப்ரல் கடைசி வாரம் வந்து சேரும்.

டப்பாவைச் சமதரையில் நிமிர்த்தி வையுங்கள். 12 மணியிலிருந்து அரைமணி நேரம் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி, டப்பாவுக்கு அடியிலேயே மறைந்துவிடும். பிள்ளைகள் கண்ணை அகல விரிப்பார்கள்! காலில் செருப்பு இருக்கட்டும். சூரியனை மட்டும் அண்ணாந்து பார்க்கவே வேண்டாம்.

நாள் தவறிவிட்டதா? சென்னையில் ஆகஸ்ட் மாதம் நிழல் மறுபடி ஒருமுறை ஒளிந்துகொள்ளும். டப்பாவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.