திண்ணைக் கதையும் தீர்ப்பும்

காணியும் நகையும் பிள்ளைகளுக்குள் பங்கிடப்படும். குடும்ப இரகசியமோ பங்கிடப்படாமல், தலைமுறை தலைமுறையாக முழுதாகவே கைமாறும். சீனன்குடாவில் பாட்டனார் ஒருவர், "பண்டாரநாயக்காவைச் சுட்டவன் வேறு, சுடுவித்தவன் வேறு. துறைமுகத்தை இழந்தவர்கள் சும்மா இருந்திருப்பார்களா?" என்று பேரனிடம் மெல்லச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்பேரன் அதனை எவ்வாறு ஆராய்தல் வேண்டும்?

பாட்டனார் கூற்றில் உண்மை சிறிதுமில்லை என்று தள்ளிவிட இயலாது. விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் அமைந்த சீனன்குடா, பிரித்தானியருக்குப் பெரிதும் வேண்டியதோர் இடமாக விளங்கிற்று. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் அங்கே குண்டு பொழிந்தன. 1957 ஒக்டோபர் 15இல் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதனைக் கேட்டுப் பெற்றவர் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. இரண்டாண்டு நிறையுமுன், 1959 செப்டெம்பர் 25இல், கொழும்பு றொஸ்மீட் பிளேசிலிருந்த தம் இல்லத்தில் அவர் சுடப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். இரு நிகழ்ச்சிகளும் மெய்யே. ஆனால், இரண்டையும் பிணைக்கும் சான்று யாது? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தால், பழத்தை வீழ்த்தியது காகம் ஆகிவிடுமா?

நீதிமன்றம் கண்டது வேறு. சுட்டவர் தல்துவே சோமராம தேரர். சதியின் தலைவர், களனி விகாரையின் அதிபதியும் பண்டாரநாயக்காவின் வெற்றிக்கு உழைத்தவருமான மாபிட்டிகம புத்தரக்கித தேரர். அவருடைய வணிக முயற்சிகளுக்கு அரசாங்கத்தின் ஆதரவு கிட்டாமையே பகைக்கு வித்தாயிற்று என்பது வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. 1961இல் யூரிமார் அவ்விருவரையும் எச். பி. ஜயவர்தனவையும் குற்றவாளிகள் எனக் கண்டனர். வேறிருவரை விடுதலை செய்தனர்.

மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பண்டாரநாயக்கா காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட அத்தண்டனை, அவர் கொலையின் பின்னரே மீண்டும் கொண்டுவரப்பட்டது. முன் நடந்த கொலைக்கும் பொருந்துமாறு இயற்றப்பட்ட புதிய சட்டம், கொலைச் சதியைக் குறிப்பிடவில்லை. ஆதலின் மேன்முறையீட்டு நீதிமன்றம், சதிகாரர் இருவரின் தண்டனையை ஆயுட் சிறையாக மாற்றியது. சோமராமர் மட்டும் 1962 யூலை 6இல் தூக்கிலிடப்பட்டார். அப்பொழுது நாட்டின் பிரதம மந்திரி, கொலையுண்டவரின் மனைவி சிறீமாவோ. அவருடைய துயரமும் பதவியும் சட்டத்தின் ஓர் எழுத்தையேனும் அசைக்கவில்லை.

எனினும் ஐயம் அடங்கவில்லை. 1963இல் அவருடைய அரசாங்கம், கொலையின் அரசியற் பின்னணியை ஆராய ஆணைக்குழுவொன்றை நியமித்தது. அறிக்கை 1965இல் வெளிவந்தது. அதே 1963இல் அமெரிக்காவில் சனாதிபதி கென்னடி சுடப்பட்டார். வாரன் ஆணைக்குழு மறு ஆண்டே தன் முடிவைக் கூறிற்று. அங்கும் ஐயம் ஓயவில்லை. பெரியதொரு மரணத்துக்குச் சிறியதொரு காரணம் போதுமென்று மனித உள்ளம் எளிதில் ஒப்புவதில்லை.

காண்டல், கருதல், உரை என நம் முன்னோர் அளவைகளை வகுத்தனர். பேரன் கையாளவேண்டிய கருவியும் அதுவே. பாட்டனாரே கண்டது எது? பிறர் சொல்லக் கேட்டது எது? தாமாகக் கருதிக்கொண்டது எது? தளம் கைமாறிய நாளில் அவர் கண்ட காட்சி, அங்கே வேலை செய்தோரின் பிழைப்பு பின்னர் என்னவாயிற்று என்னும் செய்தி ஆகியவை வரலாற்றுக்கு வேண்டிய பொருள்கள். அவற்றைக் கேட்டு, நாளிட்டு எழுதிவைத்தல் பேரனின் கடமை. கொல்வித்தவர் யார் என்னும் ஊகத்தையோ, ஊகம் என்றே குறித்துவைத்தல் வேண்டும்.

இது வெறும் அறிவுப் பயிற்சியன்று. குற்றஞ்சாட்டப்பட்டு விடுதலையானவர்களுக்கும் குடும்பம் உண்டு; பேரப்பிள்ளைகள் உண்டு. நீதிமன்றம் திறந்துவிட்ட கதவை, ஊரார் வாய் மூடிவிடலாகாது. சீனன்குடாவின் திண்ணையில் மெல்லச் சொல்லப்படும் ஒரு சொல், கொழும்பில் எவரோ ஒருவரின் பெயரைச் சுடக்கூடும். பாட்டனாரிடம் அன்பு குறையாமல், "இதை நீங்கள் கண்டீர்களா, தாத்தா?" என்று கேட்கத் துணியும் பேரனே, குடும்பத்தின் மானத்தையும் பிறர் மானத்தையும் ஒருங்கே காப்பவனாவான்.