சம்மட்டி அடியும் பூமியின் பதிலும்
(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொழிலாளர் கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



கிணறு வெட்டுகிற தோழருக்கு நாம் ஒன்றும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கடப்பாரை விழும் சத்தத்திலேயே கீழே மண்ணா, பாறையா என்று சொல்லிவிடுவார். நூற்பாலைத் தோழருக்கோ காலடித் தரையின் அதிர்வே போதும், ஓட்டம் சரியில்லை என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு அறிவையும் சேர்த்த கருவிதான் நில அதிர்வு ஆய்வு. அணை, பாலம், மலைச் சுரங்கப்பாதை கட்டுவதற்கு முன் அடிநிலம் எப்படியென்று பார்க்கும் வழி.

தரையில் ஓர் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். ஒரே வரிசையில் 12 அல்லது 24 சிறு கருவிகள் குத்தி நிற்கும். உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும். நம் சைக்கிள் டைனமோவின் தம்பி என்று வையுங்கள். அதிர்வு வந்ததும் மின்சாரம் பிறந்து, வந்த நேரம் பதிவாகிறது.

உதிரி மண்ணில் அதிர்வு நொடிக்கு 500 மீட்டர் போகிறதென்றால், கெட்டிப் பாறையில் 5,000 மீட்டர் போகும். வயல்வரப்பில் நடந்தே ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவரைவிட, சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தவர் முன்னால் போய்விடுகிறார் அல்லவா? அதே கதைதான். 50 மீட்டர் தூரத்துக் கருவிக்கு மண் வழியே வர நொடியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஆகும். 5 மீட்டர் ஆழத்தில் பாறை இருந்தால், அதில் இறங்கி ஓடி ஏறி வர மூன்று பங்கே போதும். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் பாறையின் ஆழம் கிடைத்துவிடும். ஆலைக்குப் பக்கத்தில் அளந்தால் இயந்திர அதிர்வு குழப்பும். அதனால் பலமுறை அடித்துக் கூட்டிப் பார்ப்பார்கள்.

முதல் உலகப் போரில் எதிரியின் பீரங்கி எங்கே நிற்கிறது என்று அறிய இந்த அதிர்வையே பயன்படுத்தப் பார்த்தார்கள். மின்ட்ராப் என்ற ஜெர்மானியர் 1919-ல் நிலத்தடியை ஆராய அதற்குக் காப்புரிமை கேட்டார்.

இது யாருக்கு வேண்டும்? 2023 நவம்பர் 12, தீபாவளி விடியலில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்தது. 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே கிடந்தார்கள். பெரிய துளைபோடும் இயந்திரம் உடைந்துபோன பிறகு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையால் தோண்டியவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். 2014-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த தொழில் அது! மலை எங்கே நலிந்திருக்கிறது என்று முன்கூட்டி அறியும் செலவு ஒப்பந்தக்காரருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த மலைக்குக் கீழே நிற்பவர்களோ நம்மவர்கள்.

ஆனால் கருவியையும் கண்ணை மூடி நம்பவேண்டாம். கெட்டி அடுக்குக்குக் கீழே களிமண் ஒளிந்திருந்தால் இந்த முறைக்குத் தெரியாது. மேலே ஓடும் பஸ் அந்த ஊருக்கு இறங்குவதே இல்லை. நீர் ஊறிய மண்ணும் சிதைந்த பாறையும் ஏறக்குறைய ஒரே வேகம் காட்டி ஏமாற்றும். நம் கரிசல் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் குணத்தையும் வேகக் கணக்கு சொல்லாது. ஆகையால் அங்கங்கே துளை போட்டு மண்ணை வெளியே எடுத்துப் பார்த்தே தீரவேண்டும். அஸ்திவாரக் குழியிலோ சுரங்கத்திலோ இறங்கச் சொன்னால், எத்தனை இடத்தில் துளை போட்டார்கள் என்று சங்கத்தின் மூலம் கேளுங்கள்.